இருபது நிமிட நெஞ்சுக்கூடு

1

மனிதனுக்கு இதயம் வலப்பக்கம் இருக்கிறது என்று கோயமுத்தூரில் ஒரு கல்லூரியின் மருத்துவ மாணவர்களுக்கு நான் மூன்று வாரம் பாடம் நடத்தினேன். இதைப் பிறர் சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட நானே சொல்லிவிடுவது கொஞ்சம் கௌரவமாக இருக்கும்.

நான் இங்கிலாந்தின் வடக்கே, மழை நின்றால் ஆட்கள் வெளியே வந்து வானத்தைச் சந்தேகமாகப் பார்க்கும் ஒரு ஊரில், பதினெட்டு வருடமாக எக்ஸ்ரே படம் பார்த்துச் சொல்லும் டாக்டர். ஒரு நாளைக்கு நூறு நெஞ்சுக்கூடாவது என் கண்முன் கடந்துபோகும். அத்தனையிலும் இதயம் இடப்பக்கம்தான் இருந்தது. ஆனால் இன்டர்நெட்டில் பாடம் நடத்துகிறேன் என்று கிளம்பி, முதல் பாடத்துக்கு ஒரு படத்தை ஸ்கேனரில் வைத்தபோது அதைத் தலைகீழாக அல்ல, பக்கம் மாற்றிக் கவிழ்த்துவிட்டேன். எக்ஸ்ரே பிலிம் ஜன்னல் கண்ணாடி போல. இந்தப் பக்கம் பார்த்தாலும் தெரியும், அந்தப் பக்கம் பார்த்தாலும் தெரியும். ஏமாறாமல் இருக்க ஓரத்தில் இடது, வலது என்று ஓர் எழுத்து பதிந்திருக்கும். நோயாளியின் பெயரை மறைக்க நான் ஒட்டிய கறுப்பு நாடா அந்த எழுத்தையும் சேர்த்து மறைத்துவிட்டது.

படத்தின் கீழே பெரிய எழுத்தில், 'இயல்பான மார்பு. நன்றாக மனதில் பதிய வையுங்கள்' என்று எழுதியிருந்தேன்.

கண்டுபிடித்தது என் மகள் நித்யா. வயது பதினான்கு. பாடப் பக்கத்தைக் கம்ப்யூட்டரில் வடிவமைத்தவளும் அவள்தான். மூன்றாவது வாரம் பள்ளிக்கூட உயிரியல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வது அவள் வழக்கம். எனவே இது என் மொழிபெயர்ப்பு.

"அப்பா, இதுல ஹார்ட் இந்தப் பக்கம் சாஞ்சிருக்கு. உங்க படத்துல அந்தப் பக்கம். இந்தியாக்காரங்களுக்கு வேற மாதிரியா?"

உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள். இந்தியா என்றால் அவளுக்கு, எது வேண்டுமானாலும் வேறு மாதிரி இருக்கக்கூடிய இடம். நான் அன்று வருத்தப்பட வேண்டிய விஷயங்கள் இரண்டு. இதயத்தை முதலில் எடுத்துக்கொண்டேன்.

2

இந்த வம்பில் நான் எப்படி மாட்டினேன் என்று சொல்ல வேண்டும்.

இங்கே வந்து பதினெட்டு வருடம் நிறைந்த நாள் அது. எனக்கே நினைவில்லை. ஒரு பெரியவருக்கு வயிற்றில் ஸ்கேன் செய்துகொண்டிருந்தேன். "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்றேன். பிடித்தார். "இப்ப விடுங்க" என்றேன். விட்டார். வெளியே போகும்போது நர்ஸ் சொல்லித்தான் தெரிந்தது, முழுவதும் தமிழில் பேசியிருக்கிறேன் என்று. கோட்டைத் தவிர வேறெதுவும் என்னிடம் ஆங்கிலேயம் ஆகவில்லை என்று புரிந்தது. பெரியவர் புகார் எதுவும் தரவில்லை. பதினெட்டு வருடமாக நான் பேசும் ஆங்கிலத்தைவிட அது தெளிவாக இருந்திருக்கலாம்.

அன்று மாலை சென்னியப்பனிடமிருந்து ஈமெயில் வந்திருந்தது. அவன் என் வகுப்புத் தோழன். கோயமுத்தூரிலேயே தங்கி, எக்ஸ்ரே துறையில் பேராசிரியராகிவிட்டவன். 'மாப்ள, எங்க லைப்ரரிக்கு இன்டர்நெட் வந்துபோட்டது. ஒரே ஒரு கம்ப்யூட்டர். பசங்களுக்குப் படம் பார்க்கச் சொல்லிக்கொடுக்க எனக்கு நேரமில்லை, உனக்கு வேலையில்லை. ஏதாவது செய்' என்று எழுதியிருந்தான்.

எனக்கு உடனே எங்கள் பேராசிரியரின் முழங்கை நினைவுக்கு வந்தது. எங்கள் காலத்தில் எக்ஸ்ரே பாடம் என்பது, வார்டு ஜன்னல் வெளிச்சத்தில் அவர் படத்தைத் தூக்கிப் பிடிப்பது. முப்பது தலைகள். நான் கொஞ்சம் குள்ளம். ஐந்து வருடம் நான் படித்த மார்பு நோய்கள் அனைத்தும் அவருடைய முழங்கைக்குக் கீழே தெரிந்தவை. முழங்கைக்கு மேலே மனிதனுக்கு என்ன நோய் வரும் என்பதை நான் இங்கிலாந்தில்தான் கற்றேன். கம்ப்யூட்டரில் போட்டால் யார் முழங்கையும் மறைக்காதே! ஒத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியின் அனுமதி வாங்கச் சில மாதங்கள் ஆயின. படத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப அவர்களிடம் விண்ணப்பம் இல்லை. ரத்த மாதிரி அனுப்பும் விண்ணப்பத்தைக் கொடுத்தார்கள். 'பொருள் நாட்டைவிட்டு வெளியேறுமா?' என்றிருந்தது. 'வெளியேறாது, ஆனால் போய்ச் சேரும்' என்று எழுதினேன். 'பெறும் இடத்தில் குளிர்பதன வசதி உண்டா?' 'உண்டு, என் நண்பன் வீட்டில் இருக்கிறது.' கமிட்டி திருப்தி அடைந்தது. ஒரே ஒரு நிபந்தனை: பெயரை மறைக்க வேண்டும். மறைத்தேன். மீதிக் கதை உங்களுக்குத் தெரியும்.

3

தெரியாதது இதுதான்: அந்த மூன்று வாரமும் ஏன் ஒரு மாணவர்கூட வாயைத் திறக்கவில்லை?

பாடத்தின் முடிவில் படத்தை விவரித்து எனக்கு எழுதச் சொல்லியிருந்தேன். எழுதியிருந்தார்கள். அநேகமாக எல்லோரும், 'இதயம் இயல்பான அளவிலும் இயல்பான இடத்திலும் உள்ளது சார்' என்று. இறுதியாண்டு மாணவர்கள், பிணத்தை அறுத்துப் படித்தவர்கள். இதயம் எங்கே இருக்கும் என்று தெரியாதவர்கள் அல்ல. தவறை ஒப்புக்கொண்டு நான் மன்னிப்புக் கடிதம் அனுப்பியதும் வந்த பதில்களைப் பார்க்க வேண்டுமே. 'பரவாயில்லைங்க சார்', 'நாங்கதான் சரியாப் பாக்கலைங்க சார்.' கோட்டைமேட்டிலிருந்து வரும் ரஃபீக் என்ற மாணவன் மட்டும் கொஞ்சம் மனம் திறந்திருந்தான்: 'இங்கிலாந்துல அப்படித்தான் மாட்டுவாங்களாட்டம் இருக்குதுன்னு நெனச்சுட்டோங்க சார்.'

எங்கள் ஊர் மரியாதை எனக்குத் தெரியாததல்ல. பஸ்ஸில் காலை மிதித்தவனிடம், 'ஏனுங்க, எங்காலு உங்க காலுக்கடியில இருக்குதுங்க' என்று சொல்லும் ஊர். மிதித்தவன் கேட்டதும் எடுத்துவிடுவான் என்பதும் உண்மை. ஆனால் மிதித்தவர் வாத்தியாராக இருந்தால் கால் அங்கேயேதான் இருக்க வேண்டும் போலிருக்கிறது.

பழைய பதில்களை மறுபடி ஒவ்வொன்றாகப் படித்தபோது ஒன்று மட்டும் வித்தியாசமாக இருந்தது. மூச்சுக்குழல், விலா எலும்பு, உதரவிதானம் என்று ஒன்று விடாமல் எழுதி, 'இதயம் இயல்பான அளவில் உள்ளது' என்று முடித்திருந்தது. அளவு இருந்தது. இடம் இல்லை. எழுதியவர் பெயர் கோகிலா.

சென்னியப்பனுக்கு போன் செய்து, யார் இந்தப் பெண் என்று கேட்டேன்.

"அதா? உடுமலைப் புள்ள. கெட்டிக்காரி. ஆனா ஜெனரல் மெடிசின்ல பெயில் ஆயிடுச்சு. மத்த எல்லாத்துலயும் பாஸு."

"எதுல போச்சு?"

"வாய்மொழித் தேர்வுல. எக்ஸாமினர் ஒரு எக்ஸ்ரேயக் காட்டி, 'என்னம்மா, நார்மல்தானே?'ன்னு கேட்டாராம். இதும் 'ஆமாங்க சார்'ன்னுபோட்டுது. விலா எலும்பு ஒடஞ்சிருக்குது. அது கண்ணுக்குத் தெரிஞ்சிருக்குதுடா. வெளிய வந்து எங்கிட்டச் சொல்லி அழுவுது. 'அவரே நார்மல்ங்கறப்ப நான் எப்படீங்க சார் இல்லைங்கறது?'ன்னு. ஏப்ரல்ல மறுபடி எழுதணும். இதே மாதிரி வாய மூடிட்டு நின்னா மறுபடி போயிரும்."

கோகிலாவைத் தேர்வில் தேறவைப்பது என்று முடிவுசெய்தேன். என் கையில் இருந்தது ஐந்து மாதமும், படத்தைக் கவிழ்த்து வைக்கும் திறமையும்.

4

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. இனிமேல் ஒவ்வொரு பாடத்திலும் வேண்டுமென்றே ஒரு தவறு வைப்பேன், கண்டுபிடித்துச் சொல்பவர்களுக்குப் பாராட்டு என்று அறிவித்தேன். வாத்தியாரை மறுத்துப் பேசுவதே வீட்டுப்பாடம் என்றால் மரியாதைக்குப் பங்கம் வராதல்லவா? முதல் வாரம் ஒரு தவறு வைத்தேன். நான்கு கண்டுபிடித்தார்கள். இரண்டாம் வாரம் ஒன்று வைத்தேன், மூன்று வந்தது. அதில் நான் வைத்தது இல்லை. அறிவிப்பைச் சத்தமில்லாமல் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

இதிலும் கோகிலா ஒன்றுகூடச் சொல்லவில்லை. அவள் பதில்கள் குறையில்லாமல் இருந்தன. நான் தவறாகச் சொன்ன இடங்களை மட்டும் தொடாமல் சுற்றிக்கொண்டு போயின, தூங்கும் நாயைத் தாண்டாமல் சுற்றிப் போகிறவர் போல.

பொங்கலுக்கு நான் மட்டும் ஊருக்கு வந்தேன். நித்யாவுக்குப் பள்ளிக்கூடம், பள்ளிக்கூடம் இல்லாதிருந்தாலும் வேறு ஏதாவது இருந்திருக்கும். பொங்கல் முடிந்த மறுநாள் சென்னியப்பன் என்னைக் கல்லூரி லைப்ரரிக்கு அழைத்துப்போனான். என் பாடம் நடக்கும் அழகை நேரில் பார்க்கப்போகிறேன் என்று நான் புதுச்சட்டை போட்டிருந்தேன்.

மூலையில் ஒரு கம்ப்யூட்டர். அதைச் சுற்றி இருபது பேர். ரஃபீக் மோடத்தை இயக்கினான். அது பல்லைக் கடித்துக்கொண்டு அழுதது. என் பக்கம் திறந்தது. தலைப்பு வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை.

"படம் எங்கே?" என்றேன்.

"வந்துட்டிருக்குதுங்க சார்" என்றான் ரஃபீக்.

வந்துகொண்டுதான் இருந்தது. மேலேயிருந்து, ஒரு நூல் அகலத்துக்கு ஒரு கோடாக. என் ஆஸ்பத்திரியில் கண்மூடித் திறப்பதற்குள் முழுப்படமும் நிற்கும். ஒரு புள்ளிகூடத் தெளிவு குறையக்கூடாது என்று, இருந்ததிலேயே பெரிய அளவில் நான் ஸ்கேன் செய்து அனுப்பிக்கொண்டிருந்தேன். அது இங்கே வந்துசேர இருபது நிமிடம் ஆகிறது. அதுவும் போன் லைன் ஹாஸ்டல் வார்டனோடு பங்கு. அவர் பேச எடுத்தால் அறுந்துபோகும். முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒருமுறை இதயத்தின் நடுவில் வார்டன் தன் மைத்துனரிடம் இருபது நிமிடம் பேசினாராம்.

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. மூன்று மாதமாக இந்தப் பிள்ளைகளை இப்படியா உட்காரவைத்திருக்கிறேன்?

ஆனால் அவர்கள் யாரும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை.

"கழுத்து வந்திருச்சுங்கோ" என்று ரஃபீக் பஸ் கண்டக்டர் மாதிரி அறிவித்தான். "மூச்சுக்குழல் நடுவுல இருக்குதா? பாத்துச் சொல்லுங்க, இறங்கறவங்க இறங்கலாம்."

"கொஞ்சம் சாஞ்சிருக்குது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பெண் குரல். "வலப்பக்கம் இழுக்குது. அந்தப் பக்கம் மேல நுரையீரல் சுருங்கியிருக்கோணும். பாருங்க, காறை எலும்பு வந்ததும் தெரியும்."

"அதெப்படி அம்மணி, வாரதுக்கு முன்னாலயே சொல்றே?"

"பந்தயமா?"

காறை எலும்பு வந்தது. அதற்குப் பின்னால் ஒரு சின்ன நிழல். கைதட்டல். அதைத் தாண்டி ஒவ்வொரு விலா எலும்பாக எண்ணிக்கொண்டே இறங்கினார்கள். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே பேச நிறைய நேரம் இருந்தது. வேறு எதையும் பார்க்க வழியில்லாததால், தெரிந்த அளவை மட்டும் பார்த்துப் பார்த்துச் சல்லடையாகச் சலித்தார்கள். முழுப்படத்தைக் கண்டால் எங்கள் கண் நேராக நடுவிலுள்ள இதயத்துக்கு ஓடும். மேல் மூலைகளை விட்டுவிடுவோம். காசநோய் பதுங்குவது அந்த மூலைகளில்தான். இவர்கள் அங்கே ஐந்து நிமிடம் குடியிருந்தார்கள்.

பின்னாலிருந்து பேசிய பெண் யார் என்று திரும்பிப் பார்த்தேன். சென்னியப்பன் என் காதில், "அதாண்டா கோகிலா" என்றான்.

5

படம் முழுவதும் வந்து முடிந்ததும் நான் எழுந்து ஒரு சிறு உரை ஆற்றினேன். உங்கள் சிரமம் புரிந்தது; இனி படங்களைச் சுருக்கி அனுப்புகிறேன், ஒரு நிமிடத்தில் வந்துவிடும் என்றேன்.

"நல்லதுங்க சார்" என்றார்கள் எல்லோரும்.

இந்த 'நல்லதுங்க'வை அதற்குள் நான் அடையாளம் கண்டுகொண்டிருந்தேன். கோகிலாவைக் கூப்பிட்டேன். மெலிந்த பெண். என்னைப் பார்க்காமல் என் சட்டைப் பொத்தானைப் பார்த்தாள்.

"முதல் பாடத்துல இதயத்தோட அளவு எழுதினீங்க. இடத்த எழுதல. ஏன்?"

"பொய் எழுதக்கூடாதுங்க சார். உங்களையும் தப்புன்னு சொல்லக்கூடாதுங்க. அதனால விட்டுப்போட்டேனுங்க."

"இப்ப நல்லதுங்கன்னு சொன்னதுல என்ன விட்டுப்போட்டீங்க?"

சிரித்துவிட்டாள். பிறகு பேசினாள்.

"சின்னதாக்க வேண்டாங்க சார். முழுப்படமும் வந்துபோட்டா அதுல என்ன இருக்குதுன்னு சாருக்குத் தெரியும். நான் மாத்திச் சொன்னா எதுத்துப் பேசின மாதிரி ஆயிடுதுங்க. பாதிப்படம் வாரப்ப யாருக்கும் தெரியாதுங்க. அப்பச் சொல்றது யாரையும் மறுத்துச் சொல்றதில்லைங்க. நான் பாத்ததச் சொல்றது, அவ்வளவுதானுங்க."

"எதிர்த்துப் பேசறதுக்கு அவ்வளவு பயமா?"

"எங்க தாத்தா காலத்துல தென்னந்தோப்புல கூலி வேலைங்க சார். எதுத்து ஒரு வார்த்தை சொன்னா அடுத்த நாளு வேலை கிடையாதுங்க. எங்கப்பாதான் அதுலருந்து வெளிய வந்து, உடுமலையில எரிஞ்ச மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டற கடை வெச்சாருங்க. எங்க ஊட்டுல வாயத் தொறக்கறதுக்கு முன்னால நாலு தடவை யோசிப்போமுங்க. யோசிச்சு முடிக்கறதுக்குள்ள எக்ஸாமினர் அடுத்த கேள்விக்குப் போயிட்டாருங்க."

எதைச் சொன்னாலும் சிரிக்கவைத்துவிடலாம் என்று நம்புகிறவன் நான். அன்று அதை முயலவில்லை.

"செரிங்க. சின்னதாக்கல" என்றேன். "ஆனா தேர்வுல படம் மெதுவா இறங்கி வராதே, அம்மணி. முழுசா எதிர்ல தொங்குமே. அப்ப என்ன பண்ணுவீங்க?"

"அதாங்க சார் யோசனை பண்ணிட்டிருக்கேன்."

6

ஏப்ரலில் அவளிடமிருந்து நீண்ட ஈமெயில் வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். வாய்விட்டுப் படித்தால்தான் புரியும். நான் வாய்விட்டுப் படிக்க, நித்யா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கேட்டாள். கோகிலா தேறுவாளா மாட்டாளா என்று அவள் ஒரு மாதமாகத் தினமும் விசாரித்துக்கொண்டிருந்தாள். விசாரணை ஆங்கிலத்தில்தான், ஆனால் 'கோகிலா அக்கா' என்றுதான் சொல்வாள். அந்த ஒரு வார்த்தையை எங்கே கற்றாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவாள்.

தேர்வறையில் விளக்குப்பெட்டியில் படம் தொங்கியதாம். வெளியூர் எக்ஸாமினர். கோகிலா தன் கையிலிருந்த பரீட்சை அட்டையை எடுத்து, "ஒரு நிமிசங்க சார்" என்று சொல்லி, படத்தின் மேல் வைத்து மூடிவிட்டாளாம். எக்ஸாமினர் திடுக்கிட்டு, "என்னம்மா பண்றே?" என்றிருக்கிறார்.

"மேலருந்து வாரேனுங்க சார்."

அட்டையை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டே சொல்லியிருக்கிறாள். மூச்சுக்குழல். காறை எலும்பு. அங்கே நின்றுவிட்டாள். "வலது காறை எலும்புக்குப் பின்னால ஒரு நிழல் இருக்குதுங்க சார்."

"அங்க ஒண்ணும் இல்லை. கீழ வா. கீழதான் விஷயம் இருக்கு."

இந்த இடத்தில் நான் படிப்பதை நிறுத்தி மூச்சு விட்டேன். நித்யா என் முழங்கையைக் கிள்ளினாள்.

கோகிலா எழுதியிருந்தாள்: 'அப்ப கீழ போயிரலாம்னு தோணுச்சுங்க சார். ஆனா கீழ என்ன இருக்குதுன்னு நான் இன்னும் பாக்கலைங்க. அதனால அவரு சொல்றது செரியா தப்பான்னு எனக்குத் தெரியாதுங்க. நான் பாத்தது மட்டுந்தான் தெரியும். இருக்குதுங்க சார்னு சொல்லிப்போட்டேன்.'

எக்ஸாமினர் எழுந்து வந்து, கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, அந்த மூலையைப் பார்த்தாராம். ரொம்ப நேரம் பார்த்தாராம். அவருடைய குறிப்பில், 'நுரையீரல் உறையில் நீர்' என்று மட்டும் இருந்திருக்கிறது. நீர் கீழே இருந்தது. யாருக்கும் தெரியும் அளவுக்கு. அது சேர்ந்ததற்கான காரணம் மேலே, காசநோய் பதுங்கும் அந்த மூலையில் இருந்தது. பல வருடமாக அதே படத்தைத் தேர்வில் காட்டிக்கொண்டிருந்தாராம்.

"அட்டைய எடும்மா" என்றாராம் கடைசியில். "இல்ல, வேண்டாம். நீ அப்படியே கீழ வா. நானும் பாக்கறேன்."

தேறிவிட்டாள்.

நித்யா எழுந்து ஒரு குதி குதித்தாள். அப்புறம் என் மேஜையிலிருந்த ஒரு எக்ஸ்ரேயை எடுத்து ஜன்னலில் பிடித்து, தன் பள்ளிக்கூட நோட்டால் மூடிக்கொண்டு, "மேலருந்து வாரேன்" என்றாள். வார்த்தைக்கு வார்த்தை தமிழில். என்னிடம்கூட இல்லாத கொங்கு ராகத்தில். படத்தைக் கவிழ்த்துத்தான் பிடித்திருந்தாள். இது பரம்பரையாக வருவது.

7

இரண்டு நாள் நான் ஆஸ்பத்திரி முழுக்கக் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன். ஆயிரக்கணக்கான மைல் தள்ளியிருந்து ஒரு பெண்ணைத் தேறவைத்துவிட்ட ஆசிரியன் எப்படி நடப்பானோ அப்படி. மூன்றாம் நாள் உடுமலையில் கோகிலாவின் அப்பா கடைக்கு போன் செய்து வாழ்த்துச் சொன்னேன். பின்னணியில் ஏதோ மோட்டார் ஓடும் சத்தம். நான் யாரென்று சொன்னதும் அதை நிறுத்தச் சொன்னார்.

"டாக்டருங்களா! புள்ள உங்களப் பத்திச் சொல்லாத நாளில்லைங்க."

அடக்கமாக இருப்பது போலக் காட்டிக்கொண்டேன். "நான் என்னங்க பண்ணினேன், படம் அனுப்பினேன். அவ்வளவுதான்."

"அதத்தானுங்க அதுவும் சொல்லுச்சு. படம் வர்றதுக்குள்ள அதுங்களே பாத்துப் படிச்சுக்கிச்சுங்களாம். இருபது நிமிசம் ஆகுமாமுங்க. நல்ல காரியம் பண்ணீங்க." ஒரு கணம் யோசித்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "இன்னுங்கொஞ்சம் மெதுவா அனுப்பியிருந்தீங்கன்னா கோல்டு மெடலே வாங்கியிருக்குமுங்க."